தாலுகா நிருபர் எந்தக் கணக்கில் வருவார்?

மாண்புமிகு செய்தித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

செய்யாற்றிலிருந்து எழுதுகிறேன். ஒரு தமிழ் நாளிதழுக்கு இந்தத் தாலுகாவின் நிருபராகப் பல வருடம் இருந்தவன். இப்போது இல்லை. பத்திரிகையின் பெயர் வேண்டாம். பக்கத்துத் தாலுகாவில் வேறு பத்திரிகைக்கு எழுதியவரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்.

2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், விகடன் குழுமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டது சென்னையில் பெரிய பேச்சானது. அதே வருடம் கல்கி வார இதழ் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. வாசகர்கள் வருத்தப்பட்டு எழுதினார்கள். ஆனால் தாலுகா நிருபரை நிறுத்தினால் பேச்சே எழாது. அவரை வேலைக்கு வைத்ததாகவே எந்தத் தாளிலும் இருக்காது. எனக்கு வந்தது ஒரு போன். "அண்ணே, பதிப்புல பக்கத்தைக் குறைக்கிறாங்க. நாளையிலேருந்து நியூஸ் அனுப்ப வேணாம்." பேசிய தம்பியின் வேலையும் கொஞ்ச நாளில் போயிற்று.

நாங்கள் எப்படிப் பிழைத்தோம் என்பது உங்கள் துறையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. அச்சில் வந்த செய்தியை அளந்து, அளவுக்குத் தக்கபடி பணம். நாள் முழுக்க அலைந்து அனுப்பிய செய்தி ராத்திரி எட்டு வரியாகச் சுருங்கினால் எட்டு வரிக்குத்தான் கணக்கு. அந்தப் பணம் பெட்ரோலுக்கே காணாது. உண்மையான வரும்படி விளம்பரக் கமிஷன். தீபாவளி மலருக்கு ஆரணி பட்டு ஜவுளிக்கடை, பொங்கல் மலருக்கு அரிசி ஆலை, தலைவர் பிறந்தநாளுக்குக் கவுன்சிலர். காலையில் யாரைப் பற்றிச் செய்தி எழுதினேனோ, சாயங்காலம் அவரிடமே போய்க் கால் பக்க விளம்பரம் கேட்பேன். விளம்பரம் கொடுத்தவர் பணம் தரவில்லையென்றால் என் பாக்கியில் கழிப்பார்கள். இதில் நேர்மையாக இருந்தவர்கள் இருந்தார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பகுதி நேரமாக வேலை செய்பவரையும் பத்திரிகையாளராக ஏற்றது. ஆட்குறைப்பு என்றால் ஆசிரியருக்கு ஆறு மாதம், மற்றவர்களுக்கு மூன்று மாதம் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. ஆனால் பத்திரிகைத் தொழிலே அவருடைய முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. நாங்கள் விழுந்தது அங்கேதான். எழுத்தில் குடும்பம் நடத்த முடியாததால் ஒருவர் எல்.ஐ.சி. ஏஜென்ட், ஒருவர் ஜெராக்ஸ் கடை, ஒருவர் டியூஷன் மாஸ்டர். குறைந்த கூலியால் வேறு தொழிலுக்குப் போனோம். வேறு தொழில் இருப்பதால் பத்திரிகையாளர் இல்லை என்றார்கள். பத்திரிகையாளர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது செய்யாறு பஸ் நிலைய டீக்கடையில் அந்தச் செய்தியைச் சத்தம்போட்டுப் படித்தோம். அதிலிருந்து எங்கள் யார் கைக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. இப்போது அந்த 1955ஆம் ஆண்டுச் சட்டமே 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கத்து நெசவாளியைப் பாருங்கள். அவர் வசதியாக இருக்கிறார் என்று சொல்ல வரவில்லை. தறியை விட்டுவிட்டு மாங்கால் சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போன பிள்ளைகள் ஆரணி, செய்யாறு இரண்டு பக்கமும் உண்டு. ஆனாலும் கூட்டுறவுச் சங்கத்தில் பாவு வாங்கி நெய்கிறவருக்கு உறுப்பினர் எண் இருக்கிறது, கூலி பதிவாகிறது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் சேலை விற்கிறது. சில ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 200 யூனிட்டிலிருந்து 300 ஆக்கியது 2023இல் இதே தமிழ்நாடு அரசு. நலியும் தொழிலில் இருப்பவரை எண்ணி, பெயர் எழுதி, ஒரு கைப்பிடி கொடுக்க அரசுக்குத் தெரியும். அதைத்தான் கேட்கிறேன்.

'இப்போதுதான் வாட்ஸ்அப் இருக்கிறதே' என்று உங்கள் அதிகாரிகள் சொல்லலாம். இருக்கிறது. இரங்கல் செய்தி, மின்தடை, காணாமல் போன பைக், எல்லாம் எங்களைவிட வேகமாக வருகிறது. எங்கள் ஊர்த் திருவத்திபுரம் நகர்மன்றக் கூட்டத்தில் கடைசித் தீர்மானம் வரை உட்கார்ந்திருக்கவோ, ஜமாபந்தியில் மனுவோடு நிற்கும் கிழவியிடம் சர்வே எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவோ அங்கே ஆள் இல்லை.

எங்கள் பக்கத்து மேல்மா கிராமத்தை நினைத்துப் பாருங்கள். சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதை எதிர்த்து 2023 ஜூலையில் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டியும் அது திருவண்ணாமலை மாவட்டச் செய்திதான். நவம்பரில் ஏழு விவசாயிகள் மேல் குண்டர் சட்டம் பாய்ந்த பிறகே கேமரா வண்டிகள் வரிசையாக வந்தன. சில நாட்களிலேயே ஆறு பேர் மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. அந்த நூறு நாளும் பந்தலுக்குப் போய், யார் பேசினார், எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் அளந்து கூலி வாங்கிய எங்கள் ஆட்கள்தான். அடுத்த மேல்மாவுக்கு அப்படி யார் போவார்?

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். பைக்கில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு மணல் லாரியை மறிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வேலை போனவர்களில் சிலரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அசல் யார் என்று சொல்ல ஒரு பதிவு இல்லாதவரை போலிக்குக் கொண்டாட்டம்.

பத்திரிகையாளருக்கு நல வாரியம் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. வரவேற்கிறேன். விண்ணப்பத்தோடு நிறுவனத்தின் சான்று கேட்கும் இடத்தில்தான் எங்கள் ஆள் திரும்பி நடக்கிறார். நியமனக் கடிதமே தராத நிர்வாகம் சான்று தருமா? ஆனால் அந்த நிர்வாகங்கள் உங்கள் பேச்சைக் கேட்கும். அரசு விளம்பரம் உங்கள் துறை வழியாகத்தானே போகிறது? மத்திய அரசு 2025 நவம்பரில் அச்சு விளம்பரக் கட்டணத்தை 26 சதவீதம் உயர்த்தியது. அதில் கால் பைசா செய்யாறு வரை வர வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. நீங்கள் போடலாம். மாநில அரசின் விளம்பரம் வாங்கும் ஒவ்வொரு நாளிதழும் தன் தாலுகா நிருபர்களின் பெயரையும், கொடுத்த பணத்தையும் வருடம் ஒருமுறை தர வேண்டும். ஒருவரை நிறுத்தினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவர் வாரியத்தின் உறுப்பினர்; வேறு சான்று தேவையில்லை. விடியுமுன் பஸ் நிலையத்தில் கட்டுப் பிரித்து இணைப்பு செருகும் ஏஜென்டுகளையும், சைக்கிளில் வீடு வீடாகப் போடுகிறவர்களையும் அதே வாரியத்தில் சேருங்கள். பேப்பர் குறையக் குறைய அவர்கள் வருமானமும் தேய்கிறது.

பழையவர்களை எங்கே போய்த் தேடுவது என்று கேட்பார்கள். எங்கும் அலைய வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் உங்கள் மக்கள் தொடர்பு அலுவலர் தினமும் செய்திக்குறிப்பு அனுப்ப ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார். எங்கள் எண்கள் அதில் இருக்கின்றன. வேலை போன பிறகும் எனக்குக் கலெக்டர் ஆய்வு செய்த படம் நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. முதல் பட்டியலை அந்தக் குழுவிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தாலுகா நிருபர்,
செய்யாறு.