தொண்டை கட்டியும் பாடியவர்



இந்த மாதம் நான் உங்களிடம் வாயால் பேச முடியாத நிலையில் இருந்து எழுதுகிறேன். சண்டையோ கோபமோ இல்லை. தொண்டைதான் காரணம். நான்கு மாதங்களாகவே என் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடித்துப் பார்த்தேன், சித்தரத்தையும் மென்றேன். கேட்கவில்லை. கடைசியில் பட்டணத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்கள் இரண்டிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன என்றார். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். "தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை" என்றேன். "அப்படியா!" என்று சிரித்துவிட்டு, இரண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுப்பதும் கூடாதாம், அதுவும் நாண்களைச் சிரமப்படுத்துமாம்.

நல்ல வேளையாகப் பள்ளி விடுமுறை. என் பழைய மாணவன் ஒருவன், இப்போது ஜொகூர் பாருவில் வேலை செய்பவன், ஊருக்கு வந்திருந்தான். என் நிலையைப் பார்த்துவிட்டு மறுநாள் ஒரு ஒளித்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். "டீச்சர், உங்களை மாதிரியே தொண்டை போன ஒருத்தர் பாடுறார், பாருங்க" என்றான். பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் கூட உட்கார்ந்து பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். நம் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனையை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அவர் கேள்வி கேட்க, நான் பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பதில் எழுதிக் காட்ட, இப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று.

பாடியவர் எல்டன் ஜான். இங்கிலாந்துக்காரர், 1947-இல் பிறந்தவர். பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிற ராக் பாடகர். சிறு வயதிலேயே லண்டனில் உள்ள ராயல் அக்காடமி ஆஃப் மியூசிக்கில் சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போய் முறையாகப் பயின்றவர். பாட்டு வரிகளை எழுதுவது பெர்னி டாப்பின் என்ற நண்பர். மெட்டுப் போடுவது இவர். 1967-இல் தொடங்கிய கூட்டு அது.

படத்தில் இருக்கும் கச்சேரி 1986 டிசம்பர் 14-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் சிட்னி எண்டர்டெயின்மெண்ட் சென்டர் என்ற பெரிய மண்டபத்தில் நடந்தது. (அந்த மண்டபம் இன்று இல்லை. 2016-இல் இடித்துவிட்டார்கள்.) மெல்பர்ன் சிம்பனி வாத்தியக் குழுவைச் சேர்ந்த 88 பேர் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தார்கள். பியானோவில் இருக்கும் கட்டைகளும் 88. யாராவது எண்ணிப் பார்த்துத்தான் ஆள் சேர்த்தார்களோ என்று எனக்குத் தோன்றியது!

இவ்வளவு பேர் எதற்கு என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். 1970-இல் வந்த இவருடைய இசைத்தட்டில் பல பாட்டுகளுக்கு வயலின், செல்லோ, கொம்பு வாத்தியங்கள் எல்லாம் உண்டு. பால் பக்மாஸ்டர் என்பவர் அவற்றை அமைத்திருந்தார். ஆனால் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா? பியானோ, டிரம், கிட்டார் என்று சிறு குழுவோடுதான் பெரும்பாலும் போவார். இசைத்தட்டில் கேட்ட பாட்டின் பாதி, மேடையில் இருக்காது. அந்தப் பாதியைத் திரும்பக் கொண்டுவந்ததுதான் இந்த ஆஸ்திரேலியப் பயணம். பக்மாஸ்டர் எழுதியவற்றோடு தானும் புதிதாக எழுதிச் சேர்த்துக் குழுவை நடத்தியவர் ஜேம்ஸ் நியூட்டன் ஹாவர்ட். ஒரு காலத்தில் எல்டன் ஜானின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். பின்னாளில் சினிமாவுக்கு இசையமைத்துப் பெயர் வாங்கினார்.

ராக் டிரம்மும் மின்சாரக் கிட்டாரும் இருக்கும் மேடையில் வயலின்காரர்கள் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் காதில் விழாது. திருவிழாவில் உருமி அடிக்கும்போது பக்கத்தில் நின்று புல்லாங்குழல் ஊதினால் எப்படி இருக்கும், அப்படித்தான். ஆகவே மைக் வைத்து வயலின் ஒலியையும் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. படத்தில் எல்லாம் அளவாகவே கேட்கிறது.

கச்சேரியின் பின்பாதியில், வாத்தியக் குழுவோடு பாடும்போது, எல்டன் ஜான் மொசார்ட் வேடத்தில் வருகிறார். வெள்ளைப் பொய்முடி, கன்னத்தில் கறுப்புப் பொட்டு, இருநூறு வருடத்துக்கு முந்தைய கோட்டு. "கூத்துக்காரன் மாதிரியில்ல இருக்கான்!" என்று அக்கா சிரித்தார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் இரண்டு பாட்டு போனதும் அக்கா சிரிப்பை நிறுத்தினார். "டீச்சர், இந்த மனுசனுக்குத் தொண்டை வலிக்குது" என்றார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாதவர். நான் அதுவரை அவரிடம் விஷயத்தை எழுதிக் காட்டவில்லை. கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

விஷயம் இதுதான். அந்தப் பயணத்தின்போது எல்டன் ஜானின் குரல் மோசமாகிக்கொண்டே வந்தது. குரல் நாண்களில் கட்டிகள் இருந்தன. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயமும் இருந்தது. இனிமேல் பாட முடியுமா முடியாதா என்று தெரியாமலேயே அந்தக் கடைசி இரவு மேடையேறினார். படத்தில் மேல் சுரங்களில் குரல் உடைவதும், மரத்தை அரம் தேய்ப்பதுபோல் கரகரப்பதும் தெளிவாகக் கேட்கிறது. அவர் மறைக்கவும் இல்லை.

குரல் நாண்கள் என்பவை தொண்டைக்குள் இருக்கும் இரண்டு சிறு சதை மடிப்புகள். மூச்சுக் காற்று பட்டதும் அவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போதே நொடிக்கு 100 தடவைக்கு மேல், பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவை. கத்தும்போது மோதல் இன்னும் பலமாகிறது. அக்காவின் உள்ளங்கையைப் பாருங்கள், பால்வெட்டுக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறியிருக்கிறது. தொண்டையிலும் அதே கதைதான். காய்ப்பு ஏறிய மடிப்புகள் சரியாக மூடாது, இடையில் காற்று கசியும், குரல் கரகரக்கும். மேல் சுரம் முதலில் போய்விடும். கையில் காய்ப்பு ஏறினால் வேலைக்கு உதவும். தொண்டையில் ஏறினால் வேலையே போய்விடும்.

அடுத்த மாதமே, 1987 ஜனவரியில், சிட்னியிலேயே அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. குரல் திரும்பியது, ஆனால் பழைய குரலாக இல்லை. அடித்தொண்டை கனத்துவிட்டது, மெல்லிய மேல்குரல் போய்விட்டது. அந்தக் குரலோடுதான் 2023 ஜூலை 8-இல் ஸ்டாக்ஹோமில் கடைசிப் பயணக் கச்சேரி வரை பாடினார். வேடிக்கை என்னவென்றால், அன்று கரகரத்த குரலில் பாடிய ஒரு பாட்டு, மர்லின் மன்றோவைப் பற்றி 1973-இல் எழுதியது, தனித் தட்டாக வெளிவந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள் வந்தது. அதே மெட்டுக்கு வேறு வரிகள் எழுதித்தான் 1997-இல் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் பாடினார்.

அவரைப் பாராட்டுவதா, திட்டுவதா? எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. 88 பேர் தயாராக இருக்கிறார்கள், மண்டபம் நிறைந்திருக்கிறது, எப்படி எழுந்து போவது என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அது புரிகிறது. நானும் நான்கு மாதம் அப்படித்தானே வகுப்புக்குப் போனேன், தேர்வு வருகிறது, பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்று. ஆனால் அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. கட்டி கெட்ட கட்டியாக இல்லை. அதை முன்கூட்டியே யாரும் அவரிடம் சொல்லவில்லை. கச்சேரி அருமை, கடைசிப் பாட்டில் என் கண் கலங்கியதும் உண்மை. ஆனாலும் டாக்டராக இருந்திருந்தால் மேடையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

அக்காவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "பாடுறவன் பாடத்தான் செய்வான் டீச்சர். நீங்க மட்டும் கம்முனு இருங்க" என்றார். அவருக்கும் குரல் ஆறு மாதமாகக் கரகரப்பு. பஜனையில் மேல் எடுப்பு வருவதில்லை. அந்த டாக்டரிடம் வரச் சொல்லித் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். "ஒரு நாள் சம்பளம் போயிடும்" என்றார். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நிற்கவில்லை என்றால் காட்டியே ஆக வேண்டும் என்று மறுபடி எழுதினேன், அடிக்கோடு போட்டு. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வரும் சனிக்கிழமை எனக்கு மறு பரிசோதனை. அவரையும் அதே பஸ்ஸில் ஏற்றப் பார்க்கிறேன்.

பள்ளி திறந்தபோது பூஜை மணி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். நான் மணி அடித்தால் எல்லாரும் அமைதியாக வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் முதல் நாளே மணியை எங்கோ ஒளித்துவிட்டார்கள்.