சேன் நதியும் திருக்காஞ்சிப் படித்துறையும்

2024 ஜூலை 30ஆம் தேதி காலை பாரிஸில் நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் போட்டி அன்று நடக்கவில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி அது. நீச்சல் பகுதியைச் சேன் நதியில் வைத்திருந்தார்கள். ஒலிம்பிக் தொடக்க விழாவன்று கொட்டிய மழையை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். பாரிஸில் பழைய ஏற்பாட்டின்படி மழைநீரும் சாக்கடையும் பெரும்பாலும் ஒரே குழாயில்தான் போகும். பெருமழை பெய்தால் குழாய் தாங்காமல் ஆற்றில் வழியும். 100 மில்லி லிட்டர் தண்ணீரில் ஈ.கோலி கிருமி 1,000க்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எண்ணிப் பார்த்தார்கள், தண்ணீர் தேறவில்லை. வீரர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே பலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆற்றைச் சுத்தம் செய்ய 140 கோடி யூரோ செலவழித்தும் ஒரு நீச்சலை நேரத்துக்கு நடத்த முடியவில்லையே என்று கேலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நேற்றைய தண்ணீரைச் சோதித்து, சரியில்லை என்று தெரிந்ததும் வெளிப்படையாகச் சொல்லி நிறுத்தினார்களே, 140 கோடியைவிட அது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 50,000 கன மீட்டர் மழைநீர் பிடிக்கும் தொட்டி ஒன்றைப் பூமிக்கடியில் கட்டியிருந்தார்கள். அதையும் மீறித்தான் அந்த மழை. தொட்டி கட்டுகிறவன் வேலை வேறு, தினமும் தண்ணீரை அள்ளிப் பார்க்கிறவன் வேலை வேறு. இரண்டாவது வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. அதனால்தான் நம் பக்கத்தில் அது நடப்பதில்லை.

சின்ன வயதில் பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால் ஒரு லாபம், அந்த நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் வெளியிடும் அறிக்கைகளை மொழிபெயர்ப்பு இல்லாமல் படிக்க முடிகிறது. அந்தக் கோடையில் அவர்கள் அதிகம் பயந்தது ஆற்றுக்கு அல்ல, கொசுவுக்கு. மூஸ்திக் திக்ர், அதாவது புலிக்கொசு, 2004இல் மாந்தோன் பக்கம் நுழைந்தது. 2024 தொடக்கத்தில் ஐரோப்பியப் பகுதியிலுள்ள 96 மாவட்டங்களில் 78இல் குடியேறிவிட்டது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் அந்த வருஷம் டெங்கு தலைவிரித்து ஆடியது. அங்கிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் விமானம் விமானமாக ஜனங்கள் வருகிறார்கள்.

அவர்கள் செய்தது எளிமையான வேலை. டெங்கு உறுதியானால் டாக்டர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததும் நோயாளி எங்கே தங்கினார், எங்கெல்லாம் போனார் என்று விசாரித்து ஆள் அனுப்புவார்கள். அங்கே புலிக்கொசு இருந்தால் சுமார் 150 மீட்டர் சுற்றளவில் தேங்கிய தண்ணீரைக் கொட்டி, தேவையானால் மருந்து அடிப்பார்கள். அந்தக் கொசு அதற்கு மேல் பறக்க அவ்வளவாக விரும்பாது. பாரிஸ் பகுதியில் அந்தக் கோடையில் உள்ளூரிலேயே தொற்றிய டெங்கு ஒன்றும் பதிவாகவில்லை. தென் பகுதியில் வந்தது, ஆனால் அது போட்டியால் வந்ததல்ல.

எல்லா ஊரிலும் இப்படி அமைந்துவிடவில்லை. 2010 அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது அந்த நகரம் ஒரு மோசமான டெங்குப் பருவத்தில் இருந்தது. யமுனைக் கரையில் கட்டிய வீரர்கள் குடியிருப்பைச் சுற்றிலும் தண்ணீர் தேங்கி நின்ற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 2016இல் ரியோ ஒலிம்பிக்கை ஜிகா வைரஸுக்குப் பயந்து தள்ளிவைக்கச் சொல்லி 150 பேருக்கு மேல் விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், கொசு குறைவு. போட்டிக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் ஜிகா உறுதியாகவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். 2022 ஜூலை 28ஆம் தேதி மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. 180க்கும் மேற்பட்ட நாட்டு அணிகள். ஐந்து நாள் முன்புதான் குரங்கம்மையை உலக சுகாதார நிறுவனம் சர்வதேச நெருக்கடி என்று அறிவித்திருந்தது, கொரோனாவும் முழுதாக ஓயவில்லை. வந்தவர்களுக்குப் பரிசோதனை, டாக்டர்கள், ஆம்புலன்ஸ் என்று தமிழ்நாடு அரசு நன்றாகவே பார்த்துக்கொண்டது. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே ஜூலை மாதம் 3ஆம் தேதி நம் காரைக்காலில் காலராவுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள், நினைவிருக்கிறதா? நூற்றுக்கணக்கான பேர் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்தது காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் விருந்தாளிக்கு நோய் வருமுன் தேடிக்கொண்டிருந்தார்கள். தெற்கே காரைக்காலில் வீட்டுக்காரனுக்கு நோய் வந்த பிறகு குழாயைத் தோண்டினார்கள். ஒரே மாதம். இந்த வித்தியாசத்தைத்தான் நான் பேச வந்தேன்.

நமக்குத் தெரியாத வேலை என்று யாரும் சொல்லிவிட முடியாது. யானைக்கால் நோய்க்காக ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்து விரலில் ரத்தம் எடுத்துப் போவார்கள், உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் தலைகாட்டும். 1975இல் நம் ஊரில் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம், பி.கே. ராஜகோபாலன் தலைமையில், 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் யானைக்கால் நோய்க் கொசுவை ஒடுக்கிக் காட்டியது. மருந்தை மட்டும் நம்பாமல் சாக்கடையைத் தேங்க விடாமல் ஓட வைப்பது, கிணற்றில் மீன் விடுவது, தொட்டிகளை மூடுவது என்று தேடிப்போய்ச் செய்தார்கள். திட்டம் ஐந்து வருஷம். கொசுவுக்குத் திட்ட காலம் தெரியாது.

இப்போது வில்லியனூரிலும் பாகூரிலும் நமக்குத் தெரிவது புகை வண்டி ஒன்றுதான். டெங்கு என்று யாராவது படுத்த பிறகு சாயங்காலம் தெருவில் புகை விட்டுக்கொண்டு போவார்கள், பிள்ளைகள் பின்னால் ஓடும். டெங்குக் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. அதன் புழு பிளாஸ்டிக் டிரம்மிலும், பழைய டயரிலும், கொல்லையில் போட்டுவிட்ட ஆட்டுக்கல்லிலும், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டிலும் சுகமாக இருக்கும். புகை அங்கே போகாது.

குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எனக்குப் படிவங்கள் மேல் ஒரு பிரியம். 2004இலிருந்து நாடு முழுவதும் நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கிராம நர்ஸம்மா ஒரு படிவம், டாக்டர் ஒரு படிவம், லேப் ஒரு படிவம். வாராவாரம் காய்ச்சல் எத்தனை, பேதி எத்தனை என்று போகும். இப்போது கம்ப்யூட்டரில் போகிறது. ஒருவரும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்த ‘இல்லை’தான் முக்கியம், ஏனென்றால் ஒருவர் போய்ப் பார்த்தார் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்தக் கணக்கு மேலேதான் போகிறது. நம் தெருவுக்குத் திரும்பி வருவதில்லை. பாகூரில் ஒரு தெருவில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றால் டெல்லிக்குத் தெரியும், அடுத்த தெருக்காரருக்குத் தெரியாது.

2023 ஏப்ரலில் திருக்காஞ்சியில் சங்கராபரணி புஷ்கரணி நடந்தது. பன்னிரண்டு நாள், கணக்கில்லாத கூட்டம், எல்லோரும் அதே ஆற்றில் தலை முழுகினார்கள். கோடைக்காலம், தண்ணீர் ஓட்டம் எப்படி இருக்கும் என்று வில்லியனூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தல், விளக்கு, ஆரத்தி எல்லாம் சிறப்பு. இன்று காலை தண்ணீர் சோதனையில் இவ்வளவு, குளிக்கலாம் அல்லது குளிக்க வேண்டாம் என்று எழுதிய பலகை ஒன்றுகூடப் படித்துறையில் என் கண்ணில் படவில்லை. கங்கைக்கு இணையான ஆற்றில் சோதனையா என்று சிலர் கோபப்படலாம். நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆற்றில் சாக்கடையை விட்டது நாம், சாமி அல்ல. பாரிஸில் 2025 ஜூலையில் சேன் நதியைப் பொதுமக்கள் குளிக்கத் திறந்துவிட்டார்கள், 1923இல் போட்ட தடைக்குப் பிறகு. அங்கே தினமும் கொடி. பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம். மழை பெய்த சில நாட்களில் மூடியும் வைத்தார்கள்.

140 கோடி யூரோ நம்மிடம் இல்லை, கேட்கவும் இல்லை. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் கையில் குளோரின் பார்க்கும் சின்னக் குப்பி இருக்கிறது. சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். தெருக் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். அதைத் தினமும் பார்த்துத் தொட்டியடியில் ஒரு கரும்பலகையில் தேதியோடு எழுத எவ்வளவு செலவாகும்? ஒரு சாக்குக்கட்டி. கொம்யூன் பஞ்சாயத்து வாசலில் அந்த வாரத்துக் காய்ச்சல், பேதி எண்ணிக்கையை, பேர் போடாமல், தெரு வாரியாக ஒட்ட ஒரு தாள்.

யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் சிக்கல். நம் கொம்யூன்களுக்குக் கடைசியாக 2006இல் தேர்தல் நடந்தது. 2011இல் அந்த உறுப்பினர்கள் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. வார்டு மெம்பர் இருந்தால் டீக்கடையிலாவது பிடித்துக் கேட்கலாம். அதிகாரி நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் நம் ஓட்டுக்கு நிற்பவர் இல்லை. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியாது.

ஈஸ்டருக்குப் பின் வில்லியனூர் மாதா திருவிழா வரும், வைகாசியில் திருக்காமீஸ்வரர் தேர் வரும். ஒலிம்பிக் இல்லைதான், ஆனால் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்கப் போவது நம் பேரப்பிள்ளைகள். வில்லியனூரில் இருப்பவர்கள் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பாகவே ஒரு மனு எழுதுங்கள்: பந்தல் தண்ணீரில் தினமும் குளோரின் பார்க்க வேண்டும், முடிவைப் பந்தலிலேயே எழுதி வைக்க வேண்டும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.