இடுப்பில் தொடங்கிக் காலில் இறங்கும் வலி

மட்டாஞ்சேரியில் நம்மவர் வாழும் வீடுகளில் இடுப்பு வலி அறியாத வீடு அரிது. பஜார் ரோட்டு மண்டிகளில் மூட்டை சுமப்போர், போர்ட் கொச்சித் தோபிகானாவில் நாள் முழுதும் குனிந்து துவைப்போர், என்னைப் போல் நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கும் குமாஸ்தாக்கள், தண்ணீர்க் குடம் தூக்கும் தாய்மார் என யாவரும் இதற்கு உரியவர்களே. இவ்வலியில் ஒரு வகையைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். அது இடுப்பிலே தோன்றித் தொடை, கெண்டைக்கால் வழியே பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இறங்குவது. ஆங்கில வைத்தியர் இதனைச் சயாட்டிகா என்பர்; ஆயுர்வேதத்தார் கிருத்ரசி என்பர். நம் வீட்டுப் பெரியவர்கள் வாயு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

முதுகெலும்பின் கணுக்களுக்கு நடுவே டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பிதுங்கி, அருகே புறப்படும் நரம்பின் வேரை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். 1934ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் இதனை விளக்கி எழுதினார்கள். அழுத்தம் இடுப்பிலே, வலியோ காலிலே. ஆதலின் காலைப் பிடித்து உருவுவதால் மூலம் தீராது.

வலி வந்தவரைப் பலகையில் கிடத்தி, ஒரு மாதம் அசையாதே என்று கட்டளையிடுவது நம் வழக்கம். வைத்தியர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே சொன்னார்கள். நெதர்லாந்தில் இத்தகைய நோயாளிகளில் ஒரு சாராரை இரண்டு வாரம் படுக்கவைத்தும், மற்றவரை நடமாடவிட்டும் பார்த்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். படுத்தவர்க்கு யாதொரு மேன்மையும் காணப்படவில்லை. கூலி வேலை செய்வோர் வீட்டில் ஒரு மாதப் படுக்கை என்பது ஒரு மாதப் பட்டினி அன்றோ? பயனற்ற ஒன்றுக்காக அப்பட்டினியை ஏற்பானேன்! மூட்டை தூக்குவதைச் சில வாரம் விட்டேயாக வேண்டும், ஐயமில்லை. ஆயினும் கடையில் எடைச்சீட்டு எழுதுவது போன்ற இலகுவான வேலை கிடைக்குமாயின் அதை மறுக்க வேண்டியதில்லை.

வலி கடுமையான ஓரிரு நாள் படுக்கலாம். மல்லாந்து படுத்தால் முழங்காலின் கீழும், ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை வைக்கவும். எழும்போது பக்கவாட்டில் புரண்டு கையூன்றி எழவும். மணிக்கொரு முறை முற்றத்திலேனும் நடக்கவும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் ஒற்றடமிடலாம். நீரிழிவால் உணர்ச்சி மங்கியவர்க்கு மற்றொருவர் சூடு பார்த்தே இடவேண்டும். இவ்வூரில் எங்கும் கிடைக்கும் முறிவெண்ணெயை மெல்லத் தடவினால் இதமாகவே இருக்கும். முதுகின் மேல் பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம்.

பெரும்பான்மையோர்க்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி தணிந்துவிடும். பிதுங்கிய வட்டும் பலருக்குத் தானே சுருங்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் பிதுக்கம் தெரிந்தது என்று கலங்கற்க. வலியே இல்லாத பலர் படத்திலும் அது தெரியும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாரக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நரம்பு மாத்திரை என்று வழங்கும் பிரிகாபலின், 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சியில், சயாட்டிகாவுக்கு மருந்தில்லா வெறும் மாத்திரையைக் காட்டிலும் அதிகம் உதவவில்லை, தலைசுற்றலே மிகுந்தது. முன்பே அதை உண்டு வருவோர் திடீரென நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்கவும்.

வீட்டு வைத்தியம் செல்லாத இடம் ஒன்று உண்டு. சிறுநீர் வர மறுத்தாலும், அறியாமலே கழிந்தாலும், மலம் அடங்காமற் போனாலும், உட்காரும் இடம் மரத்துப் போனாலும், பாதத்தைத் தூக்க இயலாமல் செருப்பு நழுவினாலும், விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அப்பொழுதே போகவேண்டும். தாமதித்தால் சிறுநீரை அடக்கும் சக்தி மீளாமலே போய்விடக்கூடும். காய்ச்சலோடு வரும் முதுகுவலியும், முன்பு புற்றுநோய் கண்டவர்க்கு வரும் வலியும் வைத்தியர் பார்க்க வேண்டியவையே.

நம் பெண்கள் இதனை மாமியாரிடமும் சொல்ல நாணுவர். ஆண் வைத்தியரிடம் வாயே திறவார். ஆகவே தாயோ மருமகளோ இடுப்பு வலியென்று கிடந்தால், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று வீட்டுப் பெண்களில் ஒருவர் தாமாகவே கேட்டுவிட வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் மூன்று மலையாளச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: இடுப்பு வலிக்கு ‘நடுவேதன’, மரத்துப் போவதற்கு ‘மரவிப்பு’, சிறுநீர் வராமைக்கு ‘மூத்ரம் போகுன்னில்லா’. கடைசிச் சொல்லை ஆஸ்பத்திரியில் முதலில் சொல்லவும்.