யோசேப்பை அறியாத பயிற்சியாளர்

தியானப் பகுதி: யாத்திராகமம் 1:8, யோசுவா 9, 2 சாமுவேல் 21:1-3, 1 கொரிந்தியர் 3:4-9





சில வாரங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து அனைவரும் கலைந்தபின், ஆவடியிலிருந்து வரும் ஒரு தாயார் தம் மகனுடன் என்னிடம் வந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவன், கூடைப்பந்து வீரன். ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் அவனுடைய ஆட்டத்தைக் கண்டு, விளையாட்டுப் பிரிவில் இடமும், கட்டணச் சலுகையும், விடுதியும் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நம்பி, வேறொரு கல்லூரியில் கிடைத்த இடத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். சேர்க்கைக்கு முன்னரே அந்தப் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குச் சென்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவரோ, இப்படி ஒரு பையனைப் பற்றித் தமக்கு யாரும் சொல்லவில்லை என்று கூறிவிட்டார்.

"ஐயா, வாக்குக் கொடுத்தது அந்த மனுஷரா, அந்தக் கல்லூரியா?" என்று தாயார் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்த வாரத் தியானம் அந்தக் கேள்விக்கு நான் காண முயன்ற பதிலே.

எகிப்தில் யோசேப்பை அறியாத ஒரு புதிய ராஜா தோன்றினான் என்று யாத்திராகமம் தொடங்குகிறது. யோசேப்பின் நாளில் எபிரெயர் அழைக்கப்பட்டே அங்கு வந்தார்கள். கோசேன் நாடு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அழைத்தவர்கள் மறைந்தபின், வந்தவர்கள் பாரமாகத் தோன்றினார்கள். ஒரு தலைவரின் வார்த்தையை நம்பி வந்தவர்களுக்கு, அடுத்த தலைவரின் நாளில் நேரிடும் ஆபத்து அத்தனை பழமையானது.

கல்லூரிக் கூடைப்பந்து பெரும் தொழிலாகவே வளர்ந்துவிட்ட அமெரிக்காவிலும் இதுவே நிகழ்கிறது. 2024 ஏப்ரலில், கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 15 பருவங்கள் பயிற்சியளித்த ஜான் காலிபாரி, ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கென்டக்கியில் சேர அதற்கு முன்பே இசைந்திருந்த பூகி ஃப்ளேண்ட், கார்ட்டர் நாக்ஸ், பில்லி ரிச்மண்ட் ஆகியோர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். ஜேடன் குவைன்டன்ஸ் வேறொரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்துகொண்டார். கென்டக்கி மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த டிராவிஸ் பெரி, புதிய பயிற்சியாளர் மார்க் போப்பின்கீழ் அங்கேயே சேர்ந்தார். ஒரு பருவத்துக்குப்பின் அவரும் வேறிடம் சென்றார். இவர்களில் எவரையும் உண்மையற்றவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அந்நாட்டில் பல்லாண்டுகளாக வழக்கத்திலிருந்து 2024இல் கைவிடப்பட்ட ஒப்பந்தப் படிவம் ஒன்று, மாணவர் கையெழுத்திடுவது கல்வி நிறுவனத்தோடுதான், பயிற்சியாளரோடு அல்ல என்று கூறியது. சட்டப்படி அது சரியே. ஆனால், வீடு தேடி வந்து பெற்றோரிடம் பேசியவர் யார்? பையனின் பெயரை அறிந்தவர் யார்? பதினேழு வயதுப் பிள்ளை கட்டடத்தை நம்பி வருவதில்லை, ஒரு முகத்தை நம்பி வருகிறான். அந்த முகத்தை அனுப்பியது நிறுவனம். ஆகையால் அந்த வாக்கும் நிறுவனத்தினுடையதே என்பது என் கருத்து.

இதற்கு வேதம் தரும் சாட்சி கிபியோனியரின் வரலாறு. யோசுவாவும் சபையின் பிரபுக்களும் அவர்களுக்கு ஆணையிட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆணை வஞ்சனையால் பெறப்பட்டது என்று தெரிந்த பின்னும் அதைக் காத்தார்கள். தலைமுறைகள் பல கடந்தன. சவுல் அந்த வாக்கை மீறினான். தாவீதின் நாளில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாயிற்று. அதன் காரணத்தைக் கர்த்தர் அறிவித்தபோது, "யோசுவா கொடுத்த வாக்குக்கு நான் பொறுப்பல்ல" என்று தாவீது சொல்லவில்லை. கிபியோனியரை அழைத்து, என்ன செய்யவேண்டும் என்று கேட்டான். தலைவர் மாறினாலும் வாக்கு மாறுவதில்லை. பதவியை ஏற்றுக்கொள்கிறவர் அதன் கடனையும் ஏற்றுக்கொள்கிறார்.

இதை எழுதும்போது என் மனச்சாட்சி என்னைக் குத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு சபைக்குப் புதிதாக மாற்றலாகிச் சென்றபோது, ஒரு விதவைத் தாயார் வந்து, தம் மகளின் நர்சிங் படிப்புக்குச் சபை உதவும் என்று முந்தின போதகர் சொன்னதாகக் கூறினார். நான் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதில் ஒன்றுமில்லை. "எனக்குத் தெரியாதே, அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முந்தின போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த நாளில் யோசேப்பை அறியாத ராஜா நானே. புதிய பயிற்சியாளரைக் குறைகூற நாவெடுக்குமுன் இதை நான் அறிக்கையிட வேண்டும்.

வாலிபப் பிள்ளைகளே, பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பவுலைச் சேர்ந்தவன், அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கொரிந்துச் சபையார் பிரிந்தபோது, நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் ஊழியக்காரரே, விளையச்செய்கிறவர் தேவனே என்று பவுல் உணர்த்தினார். பயிற்சியாளர் நீர்ப்பாய்ச்சுகிறவர். அவரை நேசியுங்கள், கனம்பண்ணுங்கள். ஆனால் உங்கள் எதிர்காலத்தின் வேர் அவரிடத்தில் இருக்கவேண்டாம். ஒரு கல்லூரியைத் தேர்ந்துகொள்ளுமுன், "இவர் நாளை இங்கு இல்லாவிட்டாலும், என் முழங்காலில் அடிபட்டு நான் ஆடமுடியாமற்போனாலும், இந்தப் பாடத்தை இங்கே படிப்பேனா?" என்று கேளுங்கள். சலுகை எத்தனை ஆண்டுகளுக்கு, விடுதியும் உணவும் அதில் அடங்குமா என்பதை முதல்வரின் கையொப்பத்தோடு எழுத்தில் பெறுங்கள். எழுத்தில் கேட்பது அவிசுவாசம் அல்ல. எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். தேவ வாக்கை நம்பின தீர்க்கதரிசியே ஆவணத்தையும் பேணினார்.

கூடைப்பந்து நமக்கு அந்நிய விளையாட்டு அல்ல. 1891இல் அதை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் பயின்றவர். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்தபோதே அதை அமைத்தார். அதே கல்லூரியில் பயின்ற ஹாரி பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1943இல் அவர் மறைந்தார். நந்தனத்தில் கல்லூரி இன்றும் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிறது. வாக்கைத் தம்மோடு கொண்டுபோகாமல், தமக்குப்பின் வருகிறவர்களும் காக்கும்படி வைத்துப்போகிறவரே நல்ல பயிற்சியாளர். நல்ல போதகரும் அவரே.

அந்தத் தாயாரோடு நானும் கல்லூரி முதல்வரைப் பார்க்கச் சென்றேன். பழைய பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். தாம் சொன்னது உண்மையே என்று அவர் கடிதம் எழுதித் தந்தார். முடிவு இன்னும் வரவில்லை. அவனுக்காக ஜெபியுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் இத்தகைய நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளை நீங்கள் அறிந்திருந்தால், அவர்கள் தனியே அந்த அலுவலகப் படியேற விடாதிருங்கள்.

எனக்கும் ஒருநாள் மாற்றல் உத்தரவு வரும். அதற்குமுன், இந்தச் சபையில் யாருக்கேனும் நான் எதையேனும் சொல்லி மறந்திருந்தால், தயவாய் வந்து நினைப்பூட்டுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்போம்.

ஜெபம்: வாக்கு மாறாத பிதாவே, எங்கள் வார்த்தையை நம்பி வந்தவர்களை நாங்கள் மறவாதிருக்கவும், பிறர் கொடுத்த வாக்கையும் எங்கள் கடனாக ஏற்கவும் கிருபை தாரும். கைவிடப்பட்டதாக எண்ணும் பிள்ளைகளுக்கு நீரே வழிதிறந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.