ஆன் ஃபிராங்குக்கு அழுதாயிற்று, அடுத்து?

போன வருஷம் சேலையூரில் நண்பனுக்கு வீடு பார்த்தோம். அட்வான்ஸ் வரை பேசியாச்சு. ஓனர் அம்மா அடையாள அட்டை கேட்டார். அவன் நீட்டியது அகதி அட்டை. "சிலோனாப்பா? போலீஸ் அது இதுன்னு வரும், தப்பா எடுத்துக்காதே" என்றார்.

அதே வாரம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. இரண்டு பேர் அழுதார்கள். நானும்தான். ஆனால் ஆன் என்றதும் நமக்கு அலமாரிக்குப் பின்னாலிருந்த அறை ஞாபகம் வருகிறதே தவிர, விசா ஞாபகம் வருவதில்லை. அவள் அப்பா ஓட்டோ ஃபிராங்க் அமெரிக்கா போக 1941 வரை அலைந்தார், கிடைக்கவில்லை. அந்த நவம்பரில் வெளிநாட்டிலிருந்த ஜெர்மன் யூதர்களின் குடியுரிமையை நாஜி அரசு பறித்தது. 1945இல் பெர்கன்-பெல்சனில் சாகும்போது அவள் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. 1939இல் 937 பேரோடு ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பிய செயின்ட் லூயிஸ் கப்பலையும் நினையுங்கள். கியூபா 28 பேரை மட்டும் இறக்கிக்கொண்டது. மயாமி விளக்குகள் தெரிகிற தூரம் வரை போயும் அமெரிக்கா விடவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பியவர்களில் 254 பேர் செத்தார்கள். கதவைச் சாத்திய யாரும் நாஜி இல்லை. கோட்டா பார்த்துக் கையெழுத்துப் போட்ட மரியாதையான ஆட்கள்.

உடனே "ஹோலோகாஸ்டையும் இதையும் ஒப்பிடறியா?" என்று சண்டைக்கு வராதீர்கள். கொலைகாரர்களை ஒப்பிடவில்லை. கதவுக்காரர்களைத்தான் கேட்கிறேன்.

1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தால் குடிமகன். பின்னால் பிறந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். ஆக, ஒரே முகாம், ஒரே தாய். 86இல் பிறந்த அக்கா இந்தியர், 88இல் பிறந்த தம்பி அகதி! அந்த அக்காவுக்கும் சும்மா கிடைக்காது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவர் கோர்ட் படியேறி பாஸ்போர்ட் வாங்கி, 2024இல்தான் முதல் ஓட்டுப் போட்டார். 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் வைத்தது. நல்ல பெயர்.

இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கொடு என்று ஒரு கூட்டம், ஒரு கையெழுத்து நம் இலக்கிய வட்டங்களில் நடந்து நான் பார்க்கவில்லை. ஆம்ஸ்டர்டாமுக்கு அழுவதில் செலவு கிடையாது. செங்கல்பட்டு லோக்கலில் பக்கத்து சீட்டில் இருப்பவனுக்காகப் பேசினால் யாரிடமாவது பதில் சொல்ல வேண்டிவரும்.

நண்பன் பிறந்தது 1991இல், இந்த மாவட்டத்திலேயே. யாழ்ப்பாணத்தைப் பார்த்ததில்லை. இப்போது மேடவாக்கம் தாண்டி ஒரு சந்தில் இருக்கிறான். அந்த ஓனர் அட்டை கேட்கவில்லை. வாடகை மட்டும் இரண்டாயிரம் கூட.