எந்த அளவுகோல்?

திருவல்லிக்கேணித் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்து 1921இல் மறைந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. வாலாஜா பள்ளிவாசல் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவே. இரண்டையும் அறிந்த நம் மாணவர், சிவாஜி தன் படையினர்க்குக் கூறுவதாக அவர் 1906இல் பாடிய பாட்டைப் படிக்குங்கால் திகைக்கின்றனர். இஸ்லாமியர் மீது அத்துணைக் கடுஞ்சொற்கள்! பேசுபவன் சிவாஜியே என்பர் சிலர். அதில் ஓரளவு உண்மையுண்டு. அக்காலம் அத்தகையது என்பர் வேறு சிலர்; அதனை நாம் ஏற்பதற்கில்லை. ஏசியவர் மட்டுமா அக்காலத்தவர்? கேட்டு நொந்தவரும் அக்காலத்தவரே அல்லரோ?

'ரெயில்வே ஸ்தானம்' என்னும் கதையில், உடன்பிறந்த பெண்கள் மூவரை மணந்த முஸ்லிம் ஒருவரைப் பாரதியார் படைத்தார். மனைவி உயிரோடிருக்க அவள் உடன்பிறந்தாளை மணத்தல் மார்க்கத்தில் விலக்கு என்று முஸ்லிம் நண்பர் ஒருவர் எடுத்துரைத்தார். பாரதியார் அதனை மறைத்தாரில்லை. கதையின் இறுதியிலேயே பிழையைக் குறித்துத் திருத்தமும் எழுதினார். 1920இல் பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மகிமை குறித்துச் சொற்பொழிவும் ஆற்றினார்.

அந்நண்பர் கையிலிருந்தது நம் காலத்து அளவுகோல் அன்று, அவர்கள் காலத்ததே. ஆகவே முன்னோரை நோக்கி நாம் கேட்கத்தக்க வினா, உடன் வாழ்ந்தோர் சுட்டிக்காட்டியபோது செவிசாய்த்தனரா என்பதே. பாரதியார் சாய்த்தார். அதனால் 1906ஆம் ஆண்டுப் பாட்டின் கடுமை மறைந்துவிடாது. அதனைத் தொகுப்பினின்று நீக்குமாறும் நாம் கோரவில்லை. வகுப்பில் அப்பாட்டை நடத்துவோர், கதையின் இறுதியிலுள்ள அத்திருத்தத்தையும் உடன் நடத்துவாராக.