எடை கூடினால் குற்றவாளியா?

பதினெட்டு வயதுப் பெடியன் ஒருத்தன். ஒரு குளிர்காலம் கழிச்சுப் பத்துக் கிலோ கூடி மைதானத்துக்குத் திரும்பி வாறான். தோள் அகன்றிருக்கு, பந்து முன்னையைவிடத் தூரம் பறக்குது. உடனே கதை தொடங்கிவிடும்: "ஊசி போட்டிருப்பான்." அமெரிக்க பேஸ்போலைப் பார்க்கிற எவருக்கும் இந்த வசனம் புதிதில்லை. நாங்களும் சொல்லியிருக்கிறோம். அதைத் திரும்பப் பெறத்தான் இதை எழுதுகிறோம்.

சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. 1998இல் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன் அடித்தபோது நாடே எழும்பி நின்று கைதட்டியது. அவருடைய லொக்கரில் அன்ட்ரோஸ்டெனிடயோன் போத்தலைக் கண்டு எழுதிய செய்தியாளருக்குத்தான் ஏச்சு விழுந்தது. ஸ்டெரொயிட் பாவித்ததை மெக்வயர் ஒப்புக்கொண்டது 2010இல். மேஜர் லீக்கில் தண்டனையோடு கூடிய பரிசோதனை வந்ததே 2004இல்தான். அதுவரை அந்தப் புஜங்களை வைத்து ரிக்கெற் விற்றவர்கள் யார்?

சரி, புஜத்தைப் பார்த்தால் பிடிக்கலாமா? 2016இல் 80 ஆட்டத் தடை வாங்கிய டீ கோர்டன் ஒல்லியான ஓட்டக்காரர். அதற்கு முந்தைய பருவம் முழுக்க அவர் அடித்த ஹோம் ரன் வெறும் 4. மறுபக்கம், பதினேழு பதினெட்டு வயது உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற உடம்பு. ஒழுங்கான சாப்பாடும் பாரம் தூக்கும் பயிற்சியும் கிடைத்தால் எடை கூடத்தான் செய்யும். அதில் கொழுப்பும் இருக்கும், தசையும் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்லுற தீர்ப்பு களவெடுத்தவனைத் தப்பவிடும், உழைத்தவனைக் களவாணி ஆக்கும்.

எங்கட கோபம் வேறு பக்கம் திரும்ப வேணும். டொமினிக்கன் குடியரசில் பெடியள் 16 வயதில் ஒப்பந்தமாகிறார்கள். அதற்குப் பல வருடம் முன்பே 'புஸ்கோன்' எனப்படும் தரகுப் பயிற்சியாளர்கள் அவர்களைத் தயார்ப்படுத்தி, கிடைக்கிற பணத்தில் பங்கு எடுக்கிறார்கள். உயரம், எடை, எறியும் வேகம் எல்லாம் விலையாகிறது. ஒரு குடும்பத்தின் முழுக் கடனும் ஒரு பிள்ளையின் தோளில் ஏறியிருக்கும்போது, "இதைப் போடு, சரிவரும்" எண்டு பெரியவர் ஒருவர் நீட்டினால் அவன் எப்படி மறுப்பான்? வளரும் வயதில் ஸ்டெரொயிட் எலும்பு வளர்ச்சியையே நிறுத்திவிடலாம் என்பதை அவனுக்கு யார் சொல்லப்போறது?

பணக்கார இடத்திலும் இதே கதைதான். டெக்சாஸின் பிளானோ நகரில், இன்னும் பெருத்தால் நல்லது எண்டு சொல்லப்பட்ட ஒரு பாடசாலைப் பந்துவீச்சாளன் ஸ்டெரொயிட் எடுத்தான். அதை நிறுத்தியபின் வந்த மனச்சோர்வுதான் தங்கட பிள்ளையைக் கொண்டுபோனது என்று பெற்றோர் சொன்னார்கள். 2003இல், 17 வயதில், அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். 2005இல் தகப்பன் அமெரிக்கக் காங்கிரஸ் முன் போய்ச் சாட்சி சொன்னார்.

பரிசோதனை வேணும். பிடிபட்டால் தண்டனையும் வேணும். இன்று முதல் தடவைக்கு 80 ஆட்டம், இரண்டாம் தடவைக்கு 162, மூன்றாம் தடவை ஆயுள் தடை. ஆனால் தலைப்புச் செய்தியில் தொங்குவது வீரனின் பெயர் மட்டும். ஊசியை நீட்டின கை எப்பவும் படத்துக்கு வெளியே நிற்குது.

இனி ஒரு பெடியன் பருத்து வந்தால் "என்ன போட்டாய்?" எண்டு கேட்க மாட்டோம். "உன்னைப் பெருக்கச் சொன்னது யார்?" எண்டுதான் கேட்போம்.